பைசனில் இன்னும் எது பாக்கி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைசன் பார்சர் ஜெனரேட்டரோடு பல வருடமாகக் குப்பை கொட்டுகிறவன் என்பதால், புதிதாக அதைத் தொடுகிறவர்கள் என்னிடம் வந்து கேட்பார்கள். பாதிக் கேள்விகள் "இந்த வசதி எப்போது வரும்?" என்பதாகத்தான் இருக்கும். அவற்றில் பலவற்றுக்கு என் பதில், "அது வந்து சில வருடம் ஆயிற்று, நீங்கள்தான் இன்னும் போடவில்லை" என்பது. மிச்சத்தில் சில நிஜமாகவே பாக்கி. சில வரவே வராது என்பது என் கணிப்பு. நான் பைசனை உருவாக்குகிறவன் அல்லன், வெறும் பயனர். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், கையேட்டில் தேடினால் சிக்கிவிடும்.

பைசன் என்னதான் செய்கிறது?

ஒரு மொழியின் இலக்கண விதிகளை எழுதிக் கொடுத்தால், அந்த மொழியைப் படித்துப் புரிந்துகொள்ளும் பார்சரின் நிரலை எழுதித் தரும். 1970களில் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் எழுதிய யாக் கருவியின் வழிவந்தது. முதலில் எழுதியவர் ராபர்ட் கார்பெட். அதை யாக்குக்கு ஒத்துப்போகும்படி மாற்றியவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், பிஎச்பி, பாஷ் ஆகியவற்றின் பார்சர்கள் இதிலிருந்துதான் வருகின்றன. நீங்கள் ஷெல்லில் ஒரு கட்டளை தட்டினாலே பைசன் பெற்ற பிள்ளை ஒன்று அதைப் படித்துக்கொண்டிருக்கிறது.

3.8.2 வந்தது 2021 செப்டம்பரில். அப்புறம் சத்தமே இல்லையே, திட்டம் செத்துவிட்டதா?

செத்ததாக நான் நினைக்கவில்லை. 2018 முதல் 2021 வரை 3.1இல் தொடங்கி 3.8 வரை வரிசையாகப் பதிப்புகள் வந்தன. அகிம் டெமாயும் அவரோடு சேர்ந்தவர்களும் அந்த மூன்று வருடத்தில் செய்த வேலை, அதற்கு முந்தைய பத்து வருடத்து வேலையைவிட அதிகம் என்றே சொல்வேன். அந்த ஓட்டத்துக்குப் பிறகு மூச்சு வாங்குவதில் ஆச்சரியம் இல்லை. அடிப்படை அல்காரிதம் ஐம்பது வருடப் பழசு. அதில் அவசரமாகத் திருத்த எதுவும் கிடையாது.

செய்ய வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று மூல நிரலோடு 'டுடூ' என்ற பெயரில் ஒரு கோப்பாகவே வருகிறது. ஆனால் அதில் இருப்பது ஆசைப்பட்டியல், தேதி போட்ட வாக்குறுதி அல்ல. அதை நம்பி உங்கள் வேலைத் திட்டத்தைப் போடாதீர்கள்.

கையேட்டில் உள்ள வசதிகள் எதுவுமே என் மேக்கில் வேலை செய்யவில்லை. ஏன்?

மேக்கோடு வரும் பைசன் 2.3, 2006இல் வந்தது. அதற்குப் பிந்தைய பதிப்புகள் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் 3ஆம் பதிப்பின் கீழ் வருவதால் ஆப்பிள் அங்கேயே நின்றுவிட்டது. ஹோம்ப்ரூவில் புதியதை நிறுவுங்கள்; நிறுவிய பிறகும் பாத் மாறியில் அதை முன்னால் வைக்க மறந்தால் பழையதே ஓடும். "கவுண்டர்எக்ஸாம்பிள் வரவில்லை, எரர் செய்தி மாறவில்லை" என்று என்னிடம் வரும் புகார்களில் பெரும்பகுதி இதோடு முடிந்துவிடும். முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

இன்னமும் எல்ஏஎல்ஆர்தான் இயல்புநிலையா? அதைவிட நல்லது இருக்கும்போது ஏன் மாற்றவில்லை?

ஆமாம், இன்னமும் அதுதான். எல்ஏஎல்ஆர் என்பது இலக்கண விதிகளிலிருந்து பார்சரின் அட்டவணையைக் கட்டும் ஒரு முறை. இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் காரணமே இல்லாமல் வருவதாகத் தோன்றும் மோதல்களுக்கு (ஒரே இடத்தில் இரண்டு வழி தெரிந்து பார்சர் திகைப்பதற்கு) பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

ஒரு பொம்மை இலக்கணம். ம என்ற விதியும் ந என்ற விதியும் 'ச' என்ற ஒரே டோக்கனால் (பார்சர் பார்க்கும் மிகச்சிறிய அலகு, ஒரு சொல் மாதிரி) ஆனவை. வாக்கியங்கள் நான்கு மட்டும்: 'அ ம இ', 'ஆ ந இ', 'அ ந ஈ', 'ஆ ம ஈ'. இதில் குழப்பமே இல்லை. அ-வில் தொடங்கி, ச-வைப் பார்த்து, அடுத்தது இ என்றால் அந்த ச ஒரு ம. ஈ என்றால் ந. ஆ-வில் தொடங்கினால் நேர் தலைகீழ். ஒரு டோக்கன் முன்னால் பார்த்தால் மனிதன் தடுமாறமாட்டான். எல்ஏஎல்ஆரின் சுருக்காத மூல வடிவமான முழு எல்ஆர்(1) பார்சரும் தடுமாறாது.

எல்ஏஎல்ஆர் தடுமாறும். அட்டவணையைச் சிறிதாக்க, ஒரே மாதிரி தெரியும் நிலைகளை அது ஒன்றாக்கிவிடுகிறது. 'அ-வுக்குப் பின் வந்த ச', 'ஆ-வுக்குப் பின் வந்த ச' இரண்டும் ஒரே நிலையாகிவிடும். எங்கிருந்து வந்தோம் என்ற நினைவு போய்விட்டது. இப்போது இ வந்தால் ம-வா, ந-வா? இதுதான் ரெட்யூஸ்/ரெட்யூஸ் மோதல்: படித்த டோக்கனை எந்த விதியாகச் சுருக்குவது (ரெட்யூஸ்) என்று தெரியாத நிலை. தப்பு உங்கள் இலக்கணத்தில் இல்லை, கருவியின் சிக்கனத்தில் இருக்கிறது.

1970களில் அந்தச் சிக்கனத்துக்கு நியாயம் இருந்தது, நினைவகம் அவ்வளவு குறைவு. 2011இல் வந்த 2.5 பதிப்பிலேயே இதற்குத் தீர்வும் வந்துவிட்டது. ஐஇஎல்ஆர் என்று பெயர். ஜோயல் டென்னி செய்த வேலை. எங்கே ஒன்றாக்கினால் கெடுமோ அங்கே மட்டும் நிலைகளைப் பிரித்தே வைத்திருக்கும். அதனால் முழு எல்ஆர்(1)இன் வலு கிடைக்கும், அட்டவணையோ ஏறக்குறைய எல்ஏஎல்ஆர் அளவிலேயே இருக்கும். டிஃபைன் கட்டளையில் எல்ஆர் வகைக்கு ஐஇஎல்ஆர் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

பிறகு ஏன் அதையே இயல்புநிலை ஆக்கவில்லை? யாக்கோடு ஒத்துப்போக வேண்டும் என்பது பைசனின் பிறவி வாக்கு. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தில் யாக் இருக்கிறது. பழைய இலக்கணக் கோப்புகளில், மோதல் எத்தனை என்ற எண்ணிக்கையையே எழுதிவைத்திருப்பார்கள். இயல்புநிலையை மாற்றினால் அந்த எண்ணிக்கை மாறி அவர்களின் பில்ட் உடையும். என் கருத்தில் புதிய கோப்பு தொடங்குகிறவர் யோசிக்காமல் ஐஇஎல்ஆர் போட்டுவிட வேண்டும். பைசன் மாறும் என்று காத்திருப்பதில் பயன் இல்லை.

மோதல் எங்கே என்று சொல்கிறது, ஏன் என்று சொல்வதில்லை. இதைச் சரிசெய்வார்களா?

செய்தாயிற்று. 2020இல் வந்த 3.7இல் கவுண்டர்எக்ஸாம்பிள் எச்சரிக்கை சேர்ந்தது. என்னைக் கேட்டால், பைசன் வரலாற்றிலேயே பயனருக்குக் கிடைத்த பெரிய வரம் இதுதான். முன்பெல்லாம் ஆயிரக்கணக்கான வரிகள் நீளும் அவுட்புட் கோப்பைத் திறந்து, '217ஆம் நிலை' எங்கே என்று தேடி, பேப்பரில் அம்பு போட்டு, மதியச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருப்போம். இப்போது அந்த எச்சரிக்கையை இயக்கினால், மோதலை உண்டாக்கும் ஒரு வாக்கியத்தையே கருவி எழுதிக் காட்டுகிறது. அந்த ஒரே வாக்கியத்தைப் படிக்கக்கூடிய இரண்டு வழிகளையும் இரண்டு மரங்களாகப் பக்கத்தில் வரைகிறது.

பாடப்புத்தக உதாரணம்: 'இஃப்'புக்குள் 'இஃப்', கடைசியில் ஒரே ஒரு 'எல்ஸ்'. அந்த எல்ஸ் உள் இஃப்புக்கா, வெளி இஃப்புக்கா? பைசன் அந்த வரியைப் போட்டு, எந்த இடத்தில் பாதை பிரிகிறது என்று ஒரு புள்ளியும் வைத்துக் காட்டும்.

இதில் பாக்கி இல்லாமல் இல்லை. பெரிய இலக்கணத்தில் இந்தத் தேடல் மெதுவானது, அதனால் நேர வரம்பு உண்டு. வரம்பைத் தாண்டினால், இரு பொருள் தரும் ஒரே வாக்கியத்துக்குப் பதிலாக, பிரியும் புள்ளி வரை ஒன்றாக வந்து அப்புறம் வேறுபடும் இரண்டு வாக்கியங்களைத் தரும். இந்த இரண்டாவது வகையைப் பார்த்து "என் மொழியே இருபொருள் கொண்டது" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒரு டோக்கன் முன்னோக்கிப் பார்ப்பது போதவில்லை என்பது மட்டும்தான் அதற்குப் பொருளாக இருக்கலாம். இந்த வேறுபாட்டைப் புதியவருக்குப் புரியும்படி கருவி இன்னும் உரக்கச் சொல்லலாம்.

எக்ஸ்பெக்ட் கட்டளை போட்டு மோதல்களின் எண்ணிக்கையை எழுதிவிட்டால் எச்சரிக்கை வராதே, அது போதாதா?

ஒருமுறை 37 மோதல்கள் உள்ள கோப்பு ஒன்று என் கைக்கு வந்தது. மேலே 'எக்ஸ்பெக்ட் 37' என்று எழுதியிருந்தது, நானும் அதை மதித்தேன். ஒரு விதியைத் திருத்தியதில் பழைய மோதல் ஒன்று போய், புதிது ஒன்று முளைத்தது. கூட்டினால் அதே 37. பைசன் வாயே திறக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, கழித்தல் குறி தவறான பக்கம் சேர்ந்து கணக்கு பிழையாக வருவதை ஒரு பயனர் கண்டுபிடித்தார்.

எண்ணிக்கை ஒரு காவலாளி இல்லை, வருகைப் பதிவேடு மாதிரி. யார் வந்தார்கள் என்று பார்க்காது, எத்தனை பேர் என்று மட்டும் பார்க்கும். 3.x வரிசையில் குறிப்பிட்ட விதியின் மேலேயே எக்ஸ்பெக்ட் எழுத முடிகிறது, அது எவ்வளவோ மேல். எல்லாவற்றிலும் மேல், போஸ்ட்கிரெஸ் செய்வதுபோல பூஜ்யம் என்று எழுதி அதில் பிடிவாதமாக நிற்பது.

ஒரே ஒரு டோக்கன்தான் முன்னால் பார்க்குமா? இரண்டாக்கித் தரமாட்டார்களா?

வராது என்றே நினைக்கிறேன். இரண்டு டோக்கன் என்றால் அட்டவணை வீங்கும், அதற்குள் மூன்று கேட்டு யாராவது வருவார்கள். பைசன் இதற்குத் தரும் பதில் ஜிஎல்ஆர். அதைக் கீழே பார்ப்போம்.

நடைமுறையில் ஆட்கள் செய்வது வேறு. லெக்சருக்கும் (உரையை டோக்கன்களாக வெட்டித் தரும் பகுதி) பார்சருக்கும் நடுவில் ஒரு சின்ன வடிகட்டியை உட்காரவைக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் இதற்கு நல்ல பாடம். 'நாட்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'பிட்வீன்', 'இன்', 'லைக்' போன்றவை வருகின்றனவா என்று அந்த வடிகட்டி எட்டிப் பார்க்கும். வந்தால் சாதாரண நாட்டுக்குப் பதிலாக வேறு பெயர் கொண்ட நாட் டோக்கனை பார்சருக்குக் கொடுக்கும். 'வித்' என்ற சொல்லுக்கும் இதே வைத்தியம். இலக்கணம் எல்ஏஎல்ஆர்(1) ஆகவே இருக்கிறது, மோதலும் பூஜ்யம். அழகான தீர்வா என்றால் இல்லை. ஆனால் உலகமெங்கும் வங்கிக் கணக்குகளைச் சுமக்கிற தரவுத்தளம் இப்படித்தான் ஓடுகிறது.

எரர் செய்தி வெறும் 'சின்டாக்ஸ் எரர்' என்று மட்டும் வருகிறது. எப்போது சரியாகும்?

இதுவும் இயல்புநிலையின் குற்றம். 2020இல் வந்த 3.6 இதை வெகுவாகச் சரிசெய்தது. டிஃபைன் கட்டளையில் பார்ஸ் எரர் என்பதற்கு 'டீட்டெய்ல்டு' என்று கொடுங்கள்: எதிர்பாராமல் வந்தது எது, எதிர்பார்த்தது எது என்று சொல்லும். பழைய 'வெர்போஸ்' முறையை மறந்துவிடுங்கள், அதில் டோக்கனின் பெயரை மொழிபெயர்க்க வழி கிடையாது.

இரண்டு குறிப்புகள். எதிர்பார்த்த டோக்கன்கள் நான்குக்கு மேல் போனால் செய்தி அவற்றைப் பட்டியலிடாது, வந்த டோக்கனை மட்டும் சொல்லி நிறுத்திவிடும். இரண்டாவது முக்கியம்: அந்தப் பட்டியலே தப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. பிழையான டோக்கனைப் பார்த்த பிறகும், எல்ஏஎல்ஆர் பார்சர் சில ரெட்யூஸ்களைச் செய்துவிட்டுத்தான் "அடடா" என்று நிற்கும். அதற்குள் நிலை மாறிவிட்டது. மாறிய நிலையிலிருந்து பட்டியல் போடுகிறது. இதைத் தடுக்க 2.5இலிருந்தே எல்ஏசி என்ற வசதி இருக்கிறது. ஒரு சந்தேகம் வந்தால், பார்சர் இதுவரை படித்ததை வைத்திருக்கும் உண்மையான அடுக்கைத் தொடாமல், ஒரு பாவனை ஓட்டம் ஓடிப் பார்த்து, இந்த டோக்கன் எங்காவது ஏற்கப்படுமா என்று சரிபார்க்கும். கொஞ்சம் நேரம் பிடிக்கும். பயனர் படிக்கிற செய்திக்கு அந்த விலை தகும். இதுவும் கேட்டால்தான் கிடைக்கும், தானாக வராது.

எரர் செய்தியைத் தமிழில் தர முடியுமா?

முடியும். ஆனால் மொழிபெயர்ப்புக் கோப்பில் வாக்கியத்தைப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால் ஏமாறுவீர்கள்.

டோக்கன்களுக்கு எண், பெயர், அரைப்புள்ளி, வட்டம் என்று தமிழில் பெயர் வைத்தோம் என்று கொள்ளுங்கள். பைசன் தருவது ஓட்டைகள் உள்ள ஒரு வாக்கியம், ஓட்டைகளில் டோக்கன் பெயரைச் செருகிக்கொள்ளும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் எங்கே போனாலும் அப்படியே நிற்கும். தமிழில் வேற்றுமை உருபு வந்து ஒட்டும், ஒட்டும்போது சொல்லையே மாற்றும். எண் என்பது எண்ணை ஆகும், அரைப்புள்ளி அரைப்புள்ளியை ஆகும், வட்டம் வட்டத்தை ஆகும். 'வட்டம்-ஐ எதிர்பார்த்தேன்' என்று வந்தால் படிக்கிறவர் சிரிப்பார்.

தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, உருபு தேவைப்படாத மாதிரி வாக்கியத்தை மடக்குவது: 'இங்கே வந்தது: எண். வரவேண்டியது: வட்டம் அல்லது அரைப்புள்ளி.' கொஞ்சம் தந்தி பாஷைதான், ஆனால் இலக்கணப் பிழை இல்லை. நான் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்வேன். இரண்டாவது, பார்ஸ் எரருக்கு 'கஸ்டம்' என்று கொடுத்து, செய்தியை எழுதும் ஃபங்ஷனை நீங்களே எழுதுவது. வந்த டோக்கன் எது, எதிர்பார்த்தவை எவை என்று அங்கே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்; ஒவ்வொரு டோக்கனுக்கும் உருபு ஏற்ற வடிவத்தை ஒரு அட்டவணையில் வைத்துக்கொண்டால் 'வட்டத்தை' என்று சரியாக வரும். ஃபின்னிஷ், துருக்கி மாதிரி உருபு ஒட்டும் மொழிக்காரர்கள் எல்லோருக்கும் இதே தொல்லை இருக்கும்.

மாறிப் பெயர்களைத் தமிழில் வைக்கலாமா?

பைசனுக்கு இதில் ஆட்சேபம் எதுவும் இல்லை, அது டோக்கன்களைத்தான் பார்க்கிறது. சிக்கல் ஃப்ளெக்ஸில். ஃப்ளெக்ஸ் என்பது லெக்சரை எழுதித் தரும் வேறொரு திட்டம், அது எழுத்து பார்ப்பதில்லை, பைட் பார்க்கிறது. யூனிகோடில் தமிழுக்கான பகுதி 2944 முதல் 3071 வரை. யூடிஎஃப்-8இல் அந்த ஒவ்வொரு குறியும் மூன்று பைட்: முதலாவது 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவது 128 முதல் 191க்குள். இந்த மூன்று பைட் வரிசையை ஒரு 'எழுத்து' என்று ஃப்ளெக்ஸில் எழுதிவிட்டால் தமிழ்ப் பெயர்கள் ஓடும். ஒரு எச்சரிக்கை, அந்தப் பகுதியில் தமிழ் எண்களும் ரூபாய்க் குறியும்கூட உண்டு. அவை பெயரின் முதல் எழுத்தாக வரலாமா என்று நீங்கள் முடிவுசெய்யுங்கள். யூனிகோடு நேரடியாகப் புரிகிற லெக்சர் வேண்டுமென்றால் ஆர்ஈ2சி இருக்கிறது, பிஎச்பி அதைத்தான் பயன்படுத்துகிறது.

பைசன் பக்கம் இரண்டு விஷயம். ஒற்றை மேற்கோளுக்குள் ஒரு பைட் எழுத்துதான் போடலாம், 'அ' போட முடியாது. டோக்கனுக்குப் பெயர் வைத்து, இரட்டை மேற்கோளில் மாற்றுப்பெயர் கொடுங்கள். அப்புறம் இடக்குறிப்பு. 'வரியில் எத்தனையாவது இடம்' என்ற எண்ணை பைசன் எண்ணுவதில்லை, உங்கள் லெக்சர் எண்ணிக் கொடுப்பதை வாங்கிக் கோக்கிறது. 'கோ' என்பது கண்ணுக்கு ஒரு எழுத்து, யூனிகோடுக்கு இரண்டு குறி, கோப்பில் ஆறு பைட். இந்த மூன்றில் எதை எண்ணுவது என்று முதல் நாளே முடிவு செய்யாவிட்டால், பிழையைக் காட்டும் அம்புக்குறி அடுத்த சொல்லின் தலையில் போய் நிற்கும்.

ஒரே இலக்கணத்தில் இரண்டு தொடக்கக் குறிகள் வைக்க முடியாதா?

நியாயமான தேவை. முழு நிரலைப் படிக்கவும் வேண்டும், தனி எக்ஸ்பிரஷன் ஒன்றை மட்டும் படிக்கவும் வேண்டும். 3.8 வரை ஒரு தொடக்கக் குறிதான். எல்லோரும் செய்கிற தந்திரம்: மூலத்தில் எங்கும் இல்லாத போலி டோக்கன் ஒன்றை லெக்சர் முதலில் அனுப்பும். தொடக்க விதியில் 'போலி-1 என்றால் நிரல், போலி-2 என்றால் எக்ஸ்பிரஷன்' என்று எழுதிவிடலாம். போஸ்ட்கிரெஸ் 14ஆம் பதிப்பிலிருந்து இதைத்தான் செய்கிறது. பத்து வரி வேலை.

'ஒன்றுக்கு மேற்பட்டவை', 'காற்புள்ளியால் பிரித்த பட்டியல்' என்று சுருக்கமாக எழுத வழி வருமா?

வந்தால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். ஒவ்வொரு பட்டியலுக்கும் அதே மூன்று வரிகளைத் திரும்பத் திரும்ப எழுதிக் கை வலிக்கிறது. ஓகாமல் மொழிக்கான மென்ஹிர் கருவியில் இதற்கென்று அளவுருக்கள் ஏற்கும் விதிகள் உண்டு, பிரிகுறியோடு கூடிய பட்டியல் அதன் நூலகத்திலேயே தயாராக இருக்கிறது. ரூபிக்காரர்கள் எழுதிய லராமாவும் இதைச் சேர்த்துக்கொண்டது. பைசனில் இல்லை.

தடை பார்சிங்கில் இல்லை, வகையில் இருக்கிறது. 'எக்ஸ்பிரஷன்களின் பட்டியல்' என்று ஒரு விதி தானாக உருவானால் அதன் மதிப்பு சி மொழியில் என்ன வகை? ஓகாமலில் அதற்கு இயல்பான பதில் உண்டு. சி-யில், மதிப்பு வகைகளை அறிவிக்கும் யூனியனுக்குள் நீங்கள்தான் ஏதாவது ஒன்றைக் கையால் போட வேண்டும்.

கையால் எழுதும்வரை ஒன்றை மட்டும் கவனியுங்கள். பட்டியலை இடப்பக்க மறுசுழற்சியாக எழுதுங்கள், அதாவது 'பட்டியல் என்பது பட்டியல், பிறகு ஒரு உறுப்பு'. வலப்பக்கமாக எழுதினால் கடைசி உறுப்பு வரும்வரை எல்லாம் அடுக்கில் குவியும். சி பார்சரில் அடுக்கின் இயல்பான உச்சவரம்பு 10,000. சோதனையில் ஐம்பது வரிக் கோப்பு சரியாக ஓடும். வாடிக்கையாளரின் பெரிய கோப்பு வந்த அன்றுதான் 'மெமரி எக்ஸாஸ்டட்' வரும்.

ஜிஎல்ஆர் போட்டால் மோதல் தொல்லையே இல்லையாமே?

தொல்லை இடம் மாறுகிறது. மோதல் வரும் இடத்தில் பார்சர் இரண்டாகப் பிரிந்து இரண்டு வழியிலும் போகும், பிழையான வழி தானே செத்துவிடும். 2002இல் வந்த 1.50இலேயே பால் ஹில்ஃபிங்கர் இதைச் சேர்த்துவிட்டார். ஆனால் பிரிந்திருக்கும்போது உங்கள் செயல் நிரல்கள் (ஒவ்வொரு விதியோடும் நீங்கள் எழுதும் நிரல்) ஓடாது, தள்ளிவைக்கப்படும். 'இந்தப் பெயர் ஒரு வகைப்பெயரா?' என்று செயல் நிரலில் பதிந்துவைத்து லெக்சர் அதைப் பார்த்து முடிவெடுக்கிற பழைய சி தந்திரம் அங்கே காலைவாரும். இரண்டு வழியும் உயிரோடு வந்து சேர்ந்தால் எதை எடுப்பது என்றும் நீங்களே சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஓடும்போது பிழை.

சி++காரர்களின் நீண்டகாலக் குறை, பழைய ஜிஎல்ஆரில் வேரியண்ட் மதிப்புகளை (எந்த சி++ வகையையும் ஏற்கும் மதிப்புகள்) பயன்படுத்த முடியாது என்பது. 3.8இல் புதிதாக எழுதப்பட்ட ஜிஎல்ஆர்2 அந்தக் குறையைத் தீர்த்தது, சி++11 வேண்டும். ஜாவாவில் ஜிஎல்ஆர் கிடையாது.

பைத்தான், ரஸ்ட், கோ மொழிகளுக்கு?

சி, சி++, ஜாவா, டி. அவ்வளவுதான். டி-க்கு முறையான ஆதரவு 3.8இல்தான் வந்தது. வெளியீட்டு வார்ப்புகள் எம்4 மேக்ரோ மொழியில் எழுதப்பட்டவை. புது மொழி சேர்க்க விரும்புகிறவர் பார்சிங் தெரிந்தால் போதாது, எம்4இன் மேற்கோள் குறிகளோடும் மல்லுக்கட்ட வேண்டும். அந்தந்த மொழியில் நல்ல கருவிகள் இருக்கும்போது யாரும் அதற்கு இறங்குவதாகத் தெரியவில்லை.

ஒரு பிழை வந்தால் அதோடு நின்றுவிடுகிறது. தானாக மீண்டு போகும்படி செய்வார்களா?

தானாகச் செய்யாது. 'எரர்' என்ற சிறப்பு டோக்கனை விதிகளில் நீங்கள் வைக்க வேண்டும்: 'எரர், பிறகு அரைப்புள்ளி' என்று எழுதினால் அரைப்புள்ளி வரும்வரை குப்பையைத் தள்ளிவிட்டுத் தொடரும். அடுத்த மூன்று டோக்கன்கள் ஒழுங்காகப் போகும்வரை புதிய செய்தி எதுவும் வராது. ஒரு பிழைக்குப் பத்து செய்தி கொட்டாமலிருக்க அந்த ஏற்பாடு.

எடிட்டருக்குள் பாதி எழுதிய நிரலைப் படிக்க இது போதாது. அந்த வேலைக்கு ட்ரீ-சிட்டர் போன்றவை பிறந்திருக்கின்றன, பைசன் அந்தப் பக்கம் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் டோக்கன்களை நாமே ஒவ்வொன்றாகத் தள்ளிக் கொடுக்கும் புஷ் பார்சர் முறையில் இப்போதைய நிலையில் என்னென்ன டோக்கன் வரலாம் என்று கேட்டுக்கொள்ளலாம். டாப் தட்டினால் அடுத்த சொல்லைச் சொல்லும் வசதியை அதிலிருந்து எழுத முடியும். மூல நிரலோடு வரும் 'பிஸ்ட்ரோமேதிக்' என்ற உதாரணக் கணிப்பானைப் படித்துப் பாருங்கள், இதை ஓட்டியே காட்டுகிறது.

பெரிய கம்பைலர்கள் எல்லாம் கையால் எழுதிய பார்சருக்குப் போய்விட்டனவே. நான் ஏன் பைசன் கற்க வேண்டும்?

போனது நிஜம். ஜிசிசி 2004இல் சி++க்கும், 2006இல் சி-க்கும் பைசனை விட்டது. கோ 2016இல் யாக்கை விட்டது. ரூபி 2023 டிசம்பரில் வந்த 3.3இல் பைசனை லராமாவால் மாற்றியது, அடுத்த வருடம் 3.4இல் கையால் எழுதிய பிரிசம் இயல்பான பார்சராகிவிட்டது. நல்ல எரர் செய்தி, பிழையைத் தாங்கும் தன்மை, பில்டில் ஒரு சார்பு குறைவது என்று காரணங்கள் நியாயமானவை. சி++ போன்ற மொழியை எல்ஏஎல்ஆரில் அடைப்பது தண்டனை.

எனக்கு ஒரு எதிர்வாதம் உண்டு. கையால் எழுதிய பார்சர் முரண்பாட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. நீங்கள் எந்த 'இஃப்'பை முதலில் எழுதினீர்களோ அதுதான் சட்டம். மொழி இருபொருள் கொண்டது என்பதே தெரியாமல் வருடக்கணக்கில் ஓடும். பைசன் அதை முதல் நாளே முகத்தில் சொல்லும். மொழியே இன்னும் முடிவாகாத கட்டத்தில் அந்தக் கறார் எனக்குத் தேவைப்படுகிறது. ஆகவே புதிய மொழிக்கு முதலில் பைசனில் இலக்கணம் எழுதி மோதல்களைத் தீர்ப்பேன். பிறகு தேவையென்றால் கையால் எழுதுவேன். எழுதியதைச் சோதிக்க அந்த பைசன் கோப்பும் கூடவே இருக்கும்.

உருவாகும் பார்சரை விற்பனை மென்பொருளில் சேர்க்கலாமா? ஜிபிஎல் ஒட்டிக்கொள்ளுமா?

சேர்க்கலாம். 2.2 பதிப்பிலிருந்து எல்லா வகைப் பார்சர்களுக்கும் விலக்கு உண்டு. பைசனைப் போலவே இன்னொரு பார்சர் ஜெனரேட்டரை அந்த வார்ப்புகளைக் கொண்டு செய்வதற்கு மட்டும் அது பொருந்தாது.

பழைய கோப்பைப் புதிய பதிப்பில் ஓட்டினால் எச்சரிக்கை மழை பொழிகிறது.

3.3இலிருந்து 'அப்டேட்' என்ற விருப்பம் இருக்கிறது. கைவிடப்பட்ட கட்டளைகளைப் புதியவையாக அதுவே கோப்பில் திருத்திவிடும், பழைய கோப்பைப் பிரதி எடுத்து வைத்த பிறகுதான் தொடும். இருந்தாலும் கிட்டில் கமிட் செய்துவிட்டு ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் 'போசிக்ஸ் யாக் இதை ஆதரிக்காது' என்று வந்தால், உங்கள் பில்ட் கோப்பு பைசனை யாக் வேடத்தில் ஓட்டுகிறது என்று அர்த்தம். பில்ட் ஏற்பாடுகளைச் செய்துதரும் ஆட்டோகான்ஃபின் யாக் சோதனை, அந்த வேடத்தைப் போடவைக்கும் ஒற்றை எழுத்து விருப்பத்தையும் சேர்த்தே அழைக்கும். டிஃபைன் கட்டளைகளை நிறையப் பயன்படுத்துகிற கோப்புக்கு அந்த வேடம் தேவையில்லை, எடுத்துவிடுங்கள்.

பைசனிலேயே பிழை இருப்பதாகத் தோன்றுகிறது. எப்படித் தெரிவிப்பது?

முதலில் 3.8.2இலும் அது வருகிறதா என்று பாருங்கள். பிறகு இலக்கணத்தை வெட்டுங்கள். விதியை ஒவ்வொன்றாக நீக்கி, பிழை இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, பதினைந்து வரிக்குள் கொண்டுவாருங்கள். செயல் நிரல்களைத் தூக்கிவிடுங்கள், டோக்கன் பெயர்களைச் சுருக்குங்கள். பதிப்பு எண், நீங்கள் தட்டிய கட்டளை, வந்த வெளியீடு, எதிர்பார்த்த வெளியீடு நான்கையும் சேர்த்து அனுப்புங்கள். வெட்டும்போதே பத்தில் ஏழு முறை பிழை என் விதியில்தான் இருந்தது தெரிந்து, கடிதத்தை அனுப்பாமலே அழித்திருக்கிறேன்.